குழந்தை சௌக்கியம், தாய்?

சைதாப்பேட்டை பஜார் ரோட்டை அடுத்த சந்துகளில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால், அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து பார்ப்பார்கள். யார் ஜாடை, என்ன எடை, பால் நன்றாகக் குடிக்கிறதா என்றெல்லாம் விசாரிப்பார்கள். தாயிடம், "பத்தியம் சரியாக இருக்கிறாயா?" என்று கேட்பதோடு சரி. அவள் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம்.

பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமின்றிக் கண்ணீர் வருவது பல தாய்மாருக்கும் உண்டு. உடலில் ஹார்மோன்கள் திடீரெனக் குறைவதும், தூக்கம் கெடுவதும் சேர்ந்து இப்படிச் செய்கின்றன. இரண்டு வாரங்களுக்குள் அது தானே தெளிந்துவிடும். தெளியாமல் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதைச் சோம்பல் என்றும், "ஊர் உலகத்தில் இல்லாத பிள்ளையைப் பெற்றுவிட்டாளா?" என்றும் ஏசுவது பெருந்தவறு.

இந்நோய் மேல்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் அப்பகுதிக் கிராமத்துப் பெண்களைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கண்டு ஆராய்ந்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக நோய் கண்டவர்கள் 100-க்கு 11 பேர். அதனோடு தொடர்புடையவையாக அவர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆணை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு ஒத்தாசையின்மை.

இவற்றுள் வறுமைக்கு அரசின் உதவி ஓரளவு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம், பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் அளிக்கிறது. ஆனால், மனத்தாங்கலைத் தீர்க்க எந்தத் திட்டமும் வராது. அது வீட்டாரின் கையில் இருக்கிறது.

"மறுபடியும் பெண்ணா?" என்று கூடத்தில் எழும் பெருமூச்சு, உள்ளே படுத்திருப்பவளின் காதில் விழாமல் போவதில்லை. பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் உயிரணு. இது பள்ளிப் பாடம். பழியை மட்டும் தாய் சுமக்கிறாள்!

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் நல்லதே. அங்கே ஓய்வு கிடைக்கிறது. கைக்குழந்தையுடன் கணவன் வீடு திரும்பிய பிறகுதான் சோதனை. இரவெல்லாம் விழித்தவளே காலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும். கணவன் ஒரு வேளை சமைத்து, குழந்தையை ஏந்திக்கொண்டு அவளை இரண்டு மணி நேரம் உறங்கவிட்டால், அதுவும் ஒரு மருந்துதான். அதனால் அவன் ஆண்மை குறைந்துவிடாது.

சோர்வு நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். குணப்படுத்தக்கூடிய நோய் இது. "செத்துவிடலாம் போலிருக்கிறது" என்றோ, குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணம் வருகிறது என்றோ அவள் சொன்னால், பூசாரியைத் தேடிப் பொழுதைக் கழிக்கலாகாது. தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம்.

குழந்தை பார்க்கப் போகிறவர்கள் சட்டை, கிலுகிலுப்பை வாங்கிச் செல்லட்டும். கூடவே, தாயின் அருகில் சற்று உட்கார்ந்து, "நீ எப்படியம்மா இருக்கிறாய்?" என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கட்டும்.