தாய்மொழி யார் வேலை?

குழந்தைக்குத் தமிழ் சரியாக வரவில்லை என்றால் யாரைக் கேட்பார்கள்? அம்மாவைத்தான். தாய்மொழி என்று பெயர் வைத்த அன்றே வேலையையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

நானும் கணவரும் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர்கள். இருவருக்கும் ஜெர்மனியில் வேலை. மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. பள்ளியில் ஜெர்மன், வீட்டில் தமிழ். ‘வீட்டில் தமிழ்’ என்று சொல்லிவிடுவது சுலபம். வேலை முடித்து வந்து, ஜெர்மன் படப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தமிழில் கதை சொல்ல வேண்டும். அவள் ஜெர்மனில் கேட்பதற்கெல்லாம் அலுக்காமல் தமிழில் பதில் சொல்ல வேண்டும். ஓடுகிற பிள்ளையைப் பிடித்து ஆயாவோடு வீடியோவில் பேச உட்கார வைக்க வேண்டும். இவ்வளவும் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று முதல் பத்துவரை எண்ணச் சொல்வது அவர்.

இந்தக் கோடையில் குடும்பமாகத் தரங்கம்பாடி போனோம், பதினான்கு பேர். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் கட்டப் பெண்கள் நான்கு மணிக்கே எழுந்தோம். ஆண்கள் கடலில் குளித்தார்கள். நாங்கள் கணுக்கால் நனைய, கையில் துண்டுகளோடு நின்றோம். 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள்; ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையைத் தொடுகிற ஆண்களை மட்டும் எண்ணினால். நான்கில் ஏறத்தாழ மூன்று பேர் தொடுவதே இல்லை. விடுமுறை வந்தால் எங்கள் நிமிடங்கள் கூடுமே தவிரக் குறையாது.

அலை காலைத் தொட்டு ஓடும்போதெல்லாம் மகள் ‘நோஹ்மால்! நோஹ்மால்!’ என்று கத்தினாள். மறுபடியும் என்று அர்த்தம். அத்தை பிள்ளைகளும் பெரியப்பா பிள்ளைகளும் ஐந்தே நிமிடத்தில் அலையைப் பார்த்து அதையே கத்தினார்கள். சாயங்காலத்துக்குள் அவளுக்கு ‘இன்னொரு வாட்டி’ வந்துவிட்டது. யாரும் யாரையும் திருத்தவில்லை.

திருத்தப் பெரிய மாமனார் இருந்தார். “ஏம்மா, புள்ள என்னமோ பாஷை பேசுது. நீ தமிழ்ல பேசுறதே இல்லியா?” பக்கத்தில்தான் என் கணவர் தலை துவட்டிக்கொண்டிருந்தார், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு அவர் எண்ணச் சொல்ல, மகள் ஏழுவரை எண்ணினாள். “பாத்தியா, அப்பங்காரன் எப்புடிச் சொல்லிக் குடுத்திருக்கான்!”

அதே ஊரில்தான் சீகன்பால்குவுக்குச் சிலை இருக்கிறது. 1706இல் ஜெர்மனியிலிருந்து வந்திறங்கியவர். மணலில் எழுதிப் பழகிய சின்னப் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து தமிழ் கற்றார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். மதம் பரப்பக் கற்றார் என்பது வேறு கதை. வளர்ந்த ஆண் ஒருவன், தன் வேலை என்று நினைத்தால், மணலில் உட்கார்ந்தும் மொழிக்காக மெனக்கெடுவான் என்பதற்காகச் சொல்கிறேன். ஆண் மெனக்கெட்டால் அது தொண்டு, சிலை வைப்பார்கள். வீட்டில் நாங்கள் மெனக்கெட்டால் அது தாய்ப்பாசம், யாரும் கணக்கு வைப்பதில்லை.

என்னைக் கேட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நாத்தனார் மகளுக்குப் பன்னிரண்டு வயது. “பாப்பாவப் பாத்துக்க, அப்புடியே தமிழும் சொல்லிக் குடு” என்று என் மகளை அவள் இடுப்பில் ஏற்றிவிட்டார்கள். ஒரு வயது மூத்த அவளுடைய அண்ணன் அலையில் கிடந்தான். அவனுக்கும் தமிழ் தெரியும். அடுத்த தலைமுறைக்கான வேலைப் பிரிவினை இப்படித்தான் நடக்கிறது, சத்தமே இல்லாமல், பாப்பாவைக் கொஞ்சுகிற குரலில்.

பிள்ளையை அவளிடமிருந்து வாங்கிக் கணவர் கையில் கொடுத்தேன். இரவுக் கதை இனி அவர் பொறுப்பு, தமிழில், ஞாயிறு மட்டுமல்ல, தினமும். தனக்குக் கதை எதுவும் தெரியாது என்றார். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது, தேடிப் படித்தேன்.