கூஜாவும் மலைப் பிரயாணமும்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால், நம்மைப் போன்ற உபாத்தியாயர் வீடுகளில் ஒரு சட்டசபை கூடுவது வழக்கம். சபாநாயகர் பதவி நமக்கு. தீர்மானங்களை நிறைவேற்றும் பொறுப்பு மட்டும் வேறு கட்சியைச் சேர்ந்தது. இவ்வருஷம் சபை கூடியபோது, நீலகிரிக்குப் போகவேண்டும் என்பதில் அபிப்பிராய பேதமே இல்லை. எப்படிப் போவது என்பதில்தான் சண்டை. வாடகை மோட்டார் ஒன்றை அமர்த்திக்கொண்டு, இரண்டே நாளில் பத்து இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது நம் புதல்வனின் திட்டம். நாமும் சம்மதம் கொடுக்கும் தறுவாயில்தான் இருந்தோம். அதற்குள் வகுப்பிலே ஒரு மாணவி கேட்ட கேள்வி நம் வாயை அடைத்துவிட்டது.

நம் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், பவானித் தண்ணீரை நம்பி வாழும் ஊர். அன்று பூகோள பாடம். கரும்பலகையில் நீலகிரி மலையை வரைந்து, அதன் ஆறுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தோம். குன்னூர் ஆறு மேட்டுப்பாளையத்தருகே பவானியில் கலக்கிறது. மோயாறு மலையின் வடபுறமாகச் சுற்றி வந்து பவானியோடு சேர்கிறது. அவை கூடும் இடத்தில்தான், 1955-ல் கட்டி முடிந்த பவானிசாகர் அணை இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. மிச்சத் தண்ணீர் பவானி நகரில் காவேரியோடு கலந்துவிடுகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டுச் சாக்குக் கட்டியைக் கீழே வைத்தோம்.

மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "அப்படின்னா ஸார், ஊட்டியிலே போடற குப்பையும் நம்ம வாய்க்காலுக்குத்தானே வரும்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருஷங்களுக்கு முன், குன்னூர்ப் பாதையில் ஓர் ஓடைக்கரையில் நம் குடும்பம் உட்கார்ந்து உணவருந்தியது. குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தது. "யாராவது எடுத்துவிடுவார்கள்" என்று சொல்லி, ஆறு பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளையும் காகிதத் தட்டுகளையும் கரையிலேயே வைத்துவிட்டு வந்தோம். வைத்தவர் வேறு யாருமல்ல. பூகோளம் கற்பிக்கும் இந்த உபாத்தியாயர்தான். "ஆமாம், வரும்" என்று அந்தக் குழந்தைக்குப் பதில் சொன்னோம். மீதியை அன்று சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது நேயர்களிடம் சொல்லிவிட்டோம்.

நீலகிரி குளிர்ச்சிக்காக ஏற்பட்ட வெறும் மேடு அன்று. உச்சியிலே புல்வெளியும், மடிப்புகளிலே சோலைக்காடும் சேர்ந்து, மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளுக்கு விடுகின்றன. அந்தப் புல்வெளியில் பெரும்பகுதி முன்னமே தேயிலைக்கும் தைலமரத்துக்கும் சீகை மரத்துக்கும் போய்விட்டது. எஞ்சியதன் மீது நாமும் மோட்டார்களில் ஏறி நின்றால் மலை என்ன செய்யும்? கோடையில் அங்குள்ளவர்களுக்கே குடிநீர் தட்டுப்படுவதுண்டு. வண்டிகளின் நெரிசலைக் கண்டு, 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையைச் சென்னை உயர்நீதிமன்றம் கொண்டுவரச் செய்தது. 2025 கோடைக்கு, நீலகிரிக்குள் சாதாரண நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டியது. பஸ்ஸையும் ரயிலையும் அந்த வரம்பு தொடவில்லை. அதிலேயே நமக்கு ஒரு யோசனை இருக்கிறது.

ஆகவே சபையை மறுபடி கூட்டி, நம் கதையைச் சொல்லி, புதிய தீர்மானங்களை வைத்தோம். முதலாவது, மே மாதத்தில் போவதில்லை. காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் போவது. இதனால் மே மாதத்து மலர்க் கண்காட்சி போய்விடும். புதல்வி முகம் வாடிவிட்டது. அது உண்மையான நஷ்டந்தான். இல்லையென்று சொல்லி அவளை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. இரண்டாவது, ஏறும்போது பஸ், இறங்கும்போது மலை ரயில். 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகமண்டலம் வரையிலும் போடப்பட்ட பாதை அது. 46 கிலோமீட்டர் தூரத்தில் 16 குகைகளும் 208 வளைவுகளும் உண்டு.

"ரயிலும் புகை விடுகிறதே, அப்பா!" என்று புதல்வன் மடக்கினான். நியாயமான கேள்வி. ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் போகிறார்கள். அவர்களே ஐந்து ஐந்து பேராக மோட்டாரில் போனால் பத்து வண்டிகள் வேண்டும். புகை அடியோடு ஒழியாது. தலைக்கு இவ்வளவு என்ற பங்குதான் குறையும். கணக்கில் கெட்டிக்காரனாகையால் அவன் அதற்கு மேல் பேசவில்லை.

மூன்றாவது, பத்து இடங்களுக்குப் பதில் ஒரே இடத்தில் நான்கு நாள் தங்குவது. பறந்து பறந்து பார்ப்பவரால் மலைக்குக் கிடைப்பது புகை. தங்கி, உள்ளூர்க் கடையில் உண்டு, உள்ளூர்க் காய்கறி வாங்கி, நடந்து திரிபவரால் மலைவாசிகளுக்குக் கிடைப்பது கூலி. நான்காவது, குளியலுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடுவதில்லை.

ஐந்தாவது தீர்மானம் நம் தாயாருடையது. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், பரண் மேலிருந்து தம் பழைய பித்தளைக் கூஜாவையும் அடுக்குத் தூக்கையும் இறக்கி வைத்தார். "உங்க அப்பாவும் நானும் பழனிக்குப் போனப்போ இதிலேதான் தண்ணி, இதிலேதான் புளிச்சோறு. திரும்பி வரும்போது அங்கே எதை விட்டுட்டு வந்தோம்?" என்று கேட்டார். நீலகிரியில் பிளாஸ்டிக் புட்டிகளுக்குத் தடை உண்டு. சோதனைச் சாவடியில் பறித்துக்கொள்வார்கள். குடிநீர் பிடித்துக்கொள்ள இயந்திரங்களும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டமெல்லாம் பிறப்பதற்கு முன்பே நம் தாயார் அதை அனுசரித்து வந்திருக்கிறார். கூஜாவைப் புளி போட்டுத் துலக்கும் வேலை, சபையின் ஏகமனதான முடிவுப்படி, சபாநாயகருக்கே விதிக்கப்பட்டது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், அந்த மூன்றாம் பெஞ்சுச் சிறுமிக்கு நாம் ஒரு கணக்கு ஒப்புவிக்க வேண்டும்: மலைக்கு என்ன கொண்டு போனோம், என்ன திருப்பிக் கொண்டு வந்தோம் என்று. பழைய ஆறு புட்டிகளின் கதையையும் அன்று சொல்லிவிடுவதாக உத்தேசம்.

நேயர்களும் இவ்வருஷம் ஏதோ ஒரு மலைக்குப் புறப்படுவீர்கள். புறப்படுமுன் பூகோளப் படத்தை ஒருமுறை விரித்து, அந்த மலையின் ஆறு எந்த ஊர் வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். பலருக்கு அது தம் வீட்டுக் குடத்திலேயே வந்து முடியும்.