பங்குக்கறியும் எங்க செவலையும்

கிறிஸ்துமஸ் முடிஞ்சு வெங்காயத்துக்குக் களை எடுக்குற வேலையில மாட்டிக்கிட்டதால எழுத முடியல. இன்னைக்கு மாட்டுக்கறி பத்தி எழுதப் போறேன். பிடிக்காதவங்க இதோட நிறுத்திக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

முதல்ல என் கருத்தைச் சொல்லிடுறேன். கிலோ கிலோவா கடையில போய் வாங்குறதை விட, இருபது வீடு சேர்ந்து உள்ளூர்க் கசாப்புக்காரர்கிட்ட ஒரு மாட்டையே பங்கு பேசி வாங்குறது நல்லது. திங்குறவனுக்கும் நல்லது, கசாப்புக்காரனுக்கும் நல்லது. எல்லாத்தையும் விட, மாடு வளர்த்தவனுக்கு நல்லது. இதைச் சும்மா சொல்லல. இந்த டிசம்பர்ல பங்கு போட்ட மாடு என் வீட்டு மாடு.

எங்க பக்கம் திண்டுக்கல் மாவட்டம். எங்க ஊர்ல கோயில் தெருவுல நாங்க கிறிஸ்தவங்க, கீழத்தெருவுல இந்துக்கள், ரோட்டோரம் பாய்மார் வீடு கொஞ்சம். என் அம்மாவுக்கு 78 வயசு. அவங்க சின்னப்பிள்ளையா இருக்கும்போது பங்குக்கறி இல்லாம கிறிஸ்துமஸே கிடையாதாம். விடியக்காலம் பனையோலைப் பாயை விரிச்சு, ஒவ்வொரு கூறுலயும் தொடையில கொஞ்சம், சப்பையில கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம், ஈரல் ஒரு துண்டுன்னு வைப்பாங்களாம். ஒரு சின்னப்பையனைத் திருப்பி நிக்க வச்சு, ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?"னு கேப்பாங்க. அவன் பாக்காமலே ஒரு பேரைச் சொல்லுவான். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. பெரிய வீடு, சின்ன வீடுன்னு பேச்சே இல்ல. கறிக்கடையும் ஃப்ரிட்ஜும் வந்தப்புறம் அந்தப் பழக்கம் தேஞ்சு போச்சு.

போன வருஷம் நாங்க டவுன்ல ஒரு கடையில மொத்தமா 10 கிலோ வாங்கினோம். வெளியில விக்கிறதை விடக் கம்மி விலைதான். வீட்டுக்கு வந்து ஐஸ் விட்டதும் பாத்தா சட்டி நிறையத் தண்ணி. எலும்பைத் தனியா எடுத்து வச்சோம், கால்வாசிக்கு மேல இருந்துச்சு. எந்த ஊரு மாடு, என்னைக்கு அறுத்தது, ஒண்ணும் தெரியல. மொத்தமா வாங்குறது வேற, தெரிஞ்சு வாங்குறது வேறன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

இப்ப செவலைக்கு வர்றேன்.

செவலையை நாலு பல்லுல மணப்பாறை சந்தையில வாங்கினேன். அதோட ஜோடி மயிலை மூணு வருஷம் முந்தி செத்துப் போச்சு. அதுக்கப்புறம் ஒத்தை மாடா எரு வண்டி இழுத்துச்சு, தோட்டத்துக்குள்ள ஊடு உழவு ஓட்டுச்சு. போன மழையில பின்னங்கால் வழுக்கி விழுந்ததுல இருந்து பாரம் இழுக்க முடியல. வயசு 14க்கு மேல. பல்லு தேஞ்சு, தீவனம் மெல்லக்கூட சிரமப்பட்டுச்சு. வைக்கோல் விலை என்னன்னு மாடு வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். வேலை செய்யாத ஒரு மாட்டுக்குத் தீவனம் போட்டா, அது என் பேத்தி பள்ளிக்கூட வேன் காசுல இருந்துதான் போகணும்.

மாட்டுத் தரகர் வந்தார். துண்டைப் போட்டு உள்ள விரலைப் பிடிச்சார். 23,000. அதுக்கு மேல ஒரு விரல் கூட நகரல. "பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து கேரளா போகணும்ணே, வண்டி வாடகை, வழியில செலவு, என் கமிஷன் எல்லாம் இருக்குல்ல"ன்னார். அவர் சொன்னது பொய் இல்ல. ஆனா அந்தச் செலவு அத்தனையும் என் மாட்டு விலையிலதான கழியுது? கால் நொண்டுற மாட்டை லாரியில ஏத்தி, நெருக்கி நிக்க வச்சு, ராத்திரி முழுக்க மலை ஏத்திக் கொண்டுபோறதை நினைச்சா எனக்கு மனசு ஒப்பல.

ரோட்டோரம் கறிக்கடை வச்சிருக்கிற பாய்கிட்டப் போனேன். முப்பது வருஷப் பழக்கம். "பாய், கிறிஸ்துமஸுக்கு இருபது பங்கு நான் சேத்துத் தர்றேன். காசு முன்கூட்டியே வந்துடும். என் மாட்டுக்கு என்ன தருவீங்க?"ன்னேன். அவர் வந்து மாட்டைச் சுத்திப் பாத்தார், திமில்ல கை வச்சார், இடுப்பைத் தட்டினார். "உயிரோட 300 கிலோ இருக்கும்ணே. எலும்போட கறி 140 நிக்கும். 29,000 தர்றேன்"ன்னார்.

இங்கதான் பல பேருக்குக் கணக்கு புரியறதில்ல. 300 கிலோ மாட்டுல 300 கிலோ கறி வராது. தலை, கால், தோல், குடல், ரத்தம், சாணி எல்லாம் போக நாட்டு மாட்டுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் நிக்கும். அதுலயும் எலும்பு எடுத்துட்டா இன்னும் குறையும். "ஏமாத்திட்டான்"னு கசாப்புக்காரர் மேல பழி போடுறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கணும்.

எங்க கணக்கு இது. 140 கிலோவை இருபது பங்கா வச்சா பங்குக்கு 7 கிலோ. கடையில எலும்போட கிலோ 340 வித்துச்சு. பாய் எங்களுக்கு 270 போட்டார். ஒரு பங்கு 1,890 ரூபா. வாங்குறவங்களுக்கு ஒரு பங்குல 490 மிச்சம். இருபது பங்குக்கும் சேர்த்து 37,800. எனக்கு 29,000 போக மீதி 8,800. அதுல ரெண்டு ஆள் கூலி, வண்டி, தொட்டிக் கட்டணம் எல்லாம் பாய் பாத்துக்கணும். தலை, கால், போட்டி, தோல் அவருக்கு. ஈரல் பங்குல சேரும்.

கிலோவுக்கு 70 ரூபா குறைச்சும் அவருக்கு எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு கேட்டேன். சிரிச்சார். "கடையில வச்சு வித்தா மூணு நாள் ஆகும்ணே. நல்ல கறி முதல்ல போயிடும், எலும்பும் கொழுப்பும் தங்கும். ஐஸ் வாங்கணும், கரண்டு போனா பயம், கடன் சொல்றவன் வேற. பங்குன்னா விடிஞ்சதும் முடிஞ்சிடும், ஒரு துண்டு தங்காது." அவங்க மார்க்கத்துலயும் பக்ரீத்துக்கு ஒரு மாட்டுல ஏழு பேர் பங்கு சேர்ற வழக்கம் இருக்கு. அதனால பங்கு பிரிக்கிறது அவருக்குப் புதுசு இல்ல.

சட்டத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா பாதிப் பேர் பயத்துலயே ஒதுங்குறாங்க. தமிழ்நாட்டுல 1958லயே விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. பத்து வயசு தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாததுன்னு சான்று வாங்குன மாட்டை அறுக்கலாம். காயத்தாலயோ தீராத நோயாலயோ நிரந்தரமா முடங்கிப் போனதுக்கும் சான்று தருவாங்க. பசுவை அறுக்க 1976ல இருந்தே தடை. அதனால வீட்டுக் கொல்லையில வச்சு அறுக்குற வேலையெல்லாம் வேண்டாம். தொட்டியில டாக்டர் பாத்து முத்திரை வச்ச மாடுதான் பங்குக்கு ஆகும். செவலைக்கும் அப்படித்தான் செஞ்சோம்.

2017 மே மாசம் மத்திய அரசு, சந்தையில அறுப்புக்கு மாடு விக்கக் கூடாதுன்னு விதி கொண்டுவந்துச்சு. மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் ஒரே வாரத்துல அதுக்குத் தடை போட்டுச்சு. ஜூலையில உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க ஆக்குச்சு. அந்தச் சமயத்துல நான் ஒரு கிழட்டு மாட்டை வச்சுக்கிட்டு அல்லாடுனேன். வாங்க வந்த ஆளு பயந்துக்கிட்டு பாதி விலை கேட்டார். சட்டம் போட்டவங்க யாரும் எனக்கு ஒரு கட்டு வைக்கோல் அனுப்பல.

"உனக்காக உழைச்ச மாட்டை இப்படிப் பண்ணலாமா?"ன்னு கீழத்தெரு மாமா ஒருத்தர் கேட்டார். நல்ல மனுஷன், குத்தலாக் கேக்கல, வருத்தத்துலதான் கேட்டார். நான் சொன்னேன், "மாமா, கிழட்டு மாட்டுக்கு விலை இல்லேன்னா இளங்கன்னை எவன் வாங்குவான்? செவலை வித்த காசுல பாதியைப் போட்டு ஒரு கன்னுக்குட்டி வாங்கப் போறேன். அந்தக் காசு வரலேன்னா வாடகை டிராக்டரோட நிறுத்திக்குவேன். அப்ப இந்தத் தொழுவத்துல மாடே இருக்காது." மாமா ஒண்ணும் சொல்லல. அவரும் மாடு வித்தவர்தான். தரகர் கையில கொடுத்துட்டு எங்க போகுதுன்னு கேக்காம விட்டவர். நாம எல்லாருமே அப்படித்தான். கேக்காம இருந்தா பாவம் இல்லேன்னு நினைச்சுக்கிறோம்.

ஒரு விஷயத்தை மறைக்காமச் சொல்லணும். செவலையோட கறியில நான் பங்கு எடுக்கல. என் வீட்டுக்காரி கண்டிப்பாச் சொல்லிட்டா, "நம்ம கையால தவிடு வச்ச மாடு, நம்ம அடுப்புல வேண்டாம்"னு. கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுல கோழிதான். பாய் வண்டியோட வந்தப்ப நான் கயித்தை அவர் கையில கொடுத்துட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டேன். செவலை திரும்பிப் பாத்துச்சான்னு எனக்குத் தெரியாது, நான் பாக்கல.

"ஊரெல்லாம் திங்கச் சொல்லிட்டு நீ மட்டும் நல்லவனாக்கும்?"னு மச்சான் கேலி பண்ணினான். கேக்கட்டும். நான் திங்காதது என் மனசு. அதை வச்சு அடுத்தவன் சட்டியில கை வைக்க எனக்கு உரிமை கிடையாது. ஊர்ல ஆட்டுக்கறி வாங்க முடியாத வீடுகள்தான் அதிகம். கிலோ 800, 900 கொடுத்து அஞ்சு பேருக்கு ஆக்கிப் போட முடியுமா? 1,890 ரூபாயில ஏழு கிலோ வந்தா அந்த வீட்டுப் பிள்ளைங்க வயிறாரத் திங்கும்.

பங்கு சேத்தப்ப வந்த சங்கதி ஒண்ணு. கோயில் தெருவுல பதினாலு பங்கு சுலபமாச் சேர்ந்துச்சு. மீதி ஆறுல நாலு கீழத்தெரு. "என் பேரு எழுதாதப்பா, ஒரு புள்ளி மட்டும் வை"ன்னார் ஒருத்தர். இன்னொருத்தர் பொழுது விடியறதுக்கு முன்னாடி வந்து கருப்பு கவர்ல வாங்கிட்டு, அதுக்கு மேல கீரைக்கட்டை வச்சு மூடிக்கிட்டுப் போனார். சிரிப்பாவும் இருந்துச்சு, கஷ்டமாவும் இருந்துச்சு. திங்குறதுல வெக்கம் இல்ல, தெரிஞ்சாத்தான் வெக்கம்னு ஆக்கி வச்சிருக்கோம்.

அடுத்த தடவை பங்கு சேர்றவங்களுக்கு அனுபவத்துல சில வார்த்தை:

மாட்டை உயிரோட ஒரு தடவை போய்ப் பாருங்க. மூக்கு ஈரமா இருக்கணும், அசை போடணும்.

பங்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும். "எனக்குத் தொடை மட்டும்"னு கேக்குறவரை முதல்லயே விட்டுடுங்க. அவராலதான் சண்டை வரும்.

ஏழு கிலோவும் வீட்டு ஃப்ரிட்ஜ்ல மேல் பெட்டியில அடங்காது. ஒரு வேளைக்கு ஆகுற அளவுக்குச் சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி மூணு கிலோ வைங்க. ஒரு தடவை வெளிய எடுத்து இளகினதை மறுபடி உறைய வைக்காதீங்க. ரெண்டு கிலோவை உப்புக்கண்டம் போடுங்க. கறியை நீளமா வார்ந்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிசிறி, கயித்துல கோத்து நல்ல வெயில்ல நாலஞ்சு நாள் காயவிடணும். மேல வலை போடலேன்னா காக்காய்க்குத்தான் கிறிஸ்துமஸ். மழை மூட்டமா இருந்தா இந்த வேலைக்கே போகாதீங்க, புழு வச்சிடும். மீதி ரெண்டு கிலோ பண்டிகைச் சட்டிக்கு.

உழைச்ச மாட்டுக்கறி சீக்கிரம் வேகாது. ஒரு துண்டு பச்சைப் பப்பாளிக்காய் போடுங்க, விறகடுப்புல நிதானமா வைங்க. குக்கர்னா ஏழெட்டு விசில் ஆகும்.

கசாப்புக்காரர்கிட்ட அடிச்சுப் பேசி அஞ்சு பத்து குறைக்காதீங்க. அவர் அதை மாடு வித்தவன் தலையிலதான் இறக்குவார். எனக்குக் கிடைச்ச அந்த 6,000 ரூபா கூடுதல், யாரோ எனக்குக் கொடுத்த தருமம் இல்ல. தரகும் லாரி வாடகையும் ஐஸும் தின்ன வேண்டிய காசு, வளர்த்தவன் கைக்குத் திரும்பி வந்துச்சு, அவ்வளவுதான்.

தவக்காலம் முடிஞ்சு ஈஸ்டருக்கு பாய் ஒரு மாடு பாத்து வச்சிருக்கார். பக்கத்து ஊர்க்காரருடையது, நான் போய்ப் பாத்துட்டேன், நல்ல மாடு. அதுல எங்க வீட்டுக்கும் ஒரு பங்கு சொல்லியிருக்கேன். பதினோரு பங்கு சேர்ந்தாச்சு, இன்னும் ஒன்பது பாக்கி. வர்றவங்க வீட்டுல இருந்து தூக்குச்சட்டி எடுத்துட்டு வாங்க. கருப்பு கவர் வேண்டாம்.