இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஓர் ஆறு

துணையாறுகள் வந்து சேரச் சேர ஆறு பெருகும். கடலை நெருங்கிய பிறகே கிளைகளாகப் பிரியும். பள்ளிப் புவியியலில் நாம் படித்தது இதுதான். பெரும்பாலான ஆறுகளுக்கு இது பொருந்தும். சுவீடனின் வடகோடியில் ஓடும் தேரெந்தோ என்ற சிற்றாறு இதற்கு விலக்கு. அந்த விலக்கைப் புரிந்துகொண்டால், ஆறுகளைக் காப்பது பற்றிய நம் எண்ணமும் தெளிவாகும்.

தோர்னே ஆறு நார்வே எல்லையை ஒட்டிய தோர்னேத்ரேஸ்க் ஏரியில் புறப்பட்டுத் தென்கிழக்காக 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பொத்னிய வளைகுடாவில் கலக்கிறது. அதற்குத் தெற்கே, ஏறக்குறைய இணையாக ஓடும் காலிக்ஸ் ஆறும் அதே வளைகுடாவில்தான் சேர்கிறது. கடலுக்கு இன்னும் 150 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே, ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, யூனோசுவாந்தோ என்ற ஊரருகே தோர்னே இரண்டாகப் பிரிகிறது. அதன் நீரில் ஏறத்தாழ பாதி தெற்கே திரும்பி, பைன் காடும் சதுப்பும் கலந்த நிலத்தில் 50 கிலோமீட்டர் ஓடி, காலிக்ஸில் விழுகிறது. அந்த 50 கிலோமீட்டர்தான் தேரெந்தோ ஆறு. இது மனிதர் வெட்டிய கால்வாய் அன்று.

தன் நீரில் பாதியை இழந்த தோர்னே மெலிந்துபோக வேண்டுமே? பாயலா என்ற ஊரைத் தாண்டியதும், பின்லாந்து எல்லையாக ஓடிவரும் முவோனியோ ஆறு அதில் சேர்ந்து இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. ஆற்றின் முகத்துவாரத்தை மட்டும் பார்ப்பவருக்கு உள்ளே நடந்த பிரிவினை தெரியவே தெரியாது.

காரணம் நிலத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்புவரை இப்பகுதி பனிப்பாளத்தின் அடியில் கிடந்தது. பனி உருகி விலகியபோது, கற்களும் களிமண்ணும் கலந்த படிவுகளை மேடுபள்ளமாக விட்டுச்சென்றது. ஆறுகள் அதன்மேல் புதிதாக வழி தேடின. இரண்டு வடிநிலங்களைப் பிரிக்கும் நீர்ப்பிரிமேடு என்றால் உயர்ந்த மலைத்தொடரை நினைக்கிறோம். இங்கே அது தாழ்ந்த நிலம். ஓரிடத்தில் தாழ்ந்தால் போதும், நீர் அந்தப் பக்கமும் இறங்கிவிடும்.

இத்தகைய பிரிவு நீடிப்பதுதான் அரிது. வழக்கமாக ஒரு கிளை மற்றதைவிட வேகமாகத் தன் படுகையை அரித்து ஆழமாக்கி, நாளடைவில் நீர் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். புவியியலாளர் இதை ஆற்றுக் கவர்வு என்பர். நாம் நிலையானது என்று பார்க்கும் இந்தப் பிரிவு, நிலத்தின் கணக்கில் இன்னும் முடியாத வேலை. நிலமே அசைந்துகொண்டிருக்கிறது: பனியின் சுமை நீங்கியதால், பொத்னியக் கரை இன்றும் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் உயர்கிறது. தென் அமெரிக்காவில் ஒரினோகோவின் நீரை அமேசானின் துணையாறான நெக்ரோவுக்குக் கொண்டுசெல்லும் காசிகியாரே ஆறுதான் இத்தகைய பிரிவுகளில் மிகப் பெரியது. அதை 1800இல் இயற்கையியலாளர் ஹும்போல்ட் படகில் கடந்தார்.

இப்போது காப்பு பற்றி. லூலே போன்ற வடசுவீடன் ஆறுகளில் நீர்மின் அணைகள் அடுக்கடுக்காக எழுந்துவிட்டன. தோர்னேயும் காலிக்ஸும் தப்பின. பீத்தே, விந்தெல் ஆறுகளுடன் இவ்விரண்டும் தேசிய ஆறுகளாகப் பாதுகாக்கப்படுகின்றன. இரண்டையும் சேர்த்துக் காத்தது மிகச் சரியான முடிவு என்பேன். தோர்னேயின் மேற்பகுதியில் ஓர் அணை எழுந்திருந்தால், காலிக்ஸின் வெள்ளமும் வறட்சியும் கூடவே மாறியிருக்கும். கோடைத் தொடக்கத்தில் பனி உருகி வரும் பெருக்கை நம்பித்தான் கரையோரப் புல்வெளிகள் இருக்கின்றன. பால்டிக் கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் சால்மன் மீன்களுக்கோ தடையற்ற வழி வேண்டும்.

அணைகளோடு ஆபத்து முடிவதில்லை. கிரூனா இரும்புச் சுரங்க நகரம் இவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் இருக்கிறது. யூனோசுவாந்தோவுக்கு மேலே தோர்னேயில் எந்தக் கழிவு கலந்தாலும், அது ஒரே கடற்கரையின் இரண்டு முகத்துவாரங்களுக்கும் போய்ச் சேரும். ஆகவே அங்கே சுரங்கத்துக்கோ ஆலைக்கோ அனுமதி கேட்கும் ஒவ்வொரு மனுவையும் இரண்டு வடிநிலங்களையும் கணக்கில் கொண்டே ஆராய வேண்டும்.