அலைவரிசைகளுக்கிடையே ஒரு வெற்றிடம்

அஜக்ஸில் குடியிருக்கும் எம்மவருள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. ரொறன்ரோ மாநகரத்தின் வானொலிக் குறையொன்றை எமது இந்தச் சிறு நகரம் தீர்த்து வைத்த காலம் ஒன்று இருந்தது. 1967 ஆம் ஆண்டு 1390 என்ற அலைவரிசையில் தொடங்கப்பட்ட அஜக்ஸ் வானொலி, 1994 இல் எப்.எம். 95.9 க்கு மாறி, ‘கன்ட்ரி’ எனப்படும் வட அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாடல்களை ஒலிபரப்பி வந்தது. அதே வகைப் பாடல்களுக்கென ரொறன்ரோவில் 92.5 இல் பெரிய நிலையமொன்றும் இருந்தது. 1999 இல் அந்தப் பெரிய நிலையம் கன்ட்ரியைக் கைகழுவிவிட்டு, அந்தந்த வாரத்து ஜனரஞ்சகப் பாடல்களுக்குத் தாவிற்று. கைவிடப்பட்ட நேயர்கள் என் செய்வர்? வானொலி முள்ளைக் கிழக்கே எமது பக்கமாகத் திருப்பினர்.

இத்தனை நிலையங்கள் உள்ள மாநகரொன்றில் ஒருசாரார் விரும்பும் இசைக்கு ஒரு நிலையமேனும் இல்லாதுபோவது எவ்வாறு? வகுப்பறையில் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொல்கிறேன், பொறுத்தருள்க. நூறு நேயர் உள்ள ஓர் ஊரில் நாற்பது பேர் ஜனரஞ்சகப் பாடலையும், எட்டுப் பேர் வேறொரு வகை இசையையும் விரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே மூன்று நிலையங்கள் அந்த நாற்பது பேரையும் பங்கிட்டுக் கொள்கின்றன. நான்காவதாக வருபவர் எந்தப் பக்கம் போவார்? நாற்பதை நான்காகப் பிரித்தாலும் பத்துப் பேர் கிடைப்பர். மற்றப் பக்கம் போனால் எட்டுப் பேர்தான். ஆகவே அவரும் அதே பாடல்களையே போடுவார். எட்டுப் பேர் எட்டுப் பேராகவே இருப்பர், கேட்பதற்கு ஒன்றுமின்றி. இவற்றோடு விளம்பரதாரர் பெரிதும் தேடுவது இருபத்தைந்துக்கும் ஐம்பத்து நான்குக்கும் இடைப்பட்ட வயதினரை என்பதையும், ஒரு நகரில் கிடைக்கும் அலைவரிசைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதையும் சேர்த்துக் கொண்டால் விடயம் முழுவதும் விளங்கிவிடும். இங்கே எவருக்கும் எவர்மீதும் பகைமை இல்லை. கணக்குத்தான் எட்டுப் பேரை வெளியே நிறுத்துகிறது.

நகரம் பெரிதானால் இந்தக் குறை நீங்கிவிடும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. நியூயோர்க் நகரத்தில் 1996 முதல் 2013 ஜனவரி வரை கன்ட்ரி இசைக்கு ஓர் எப்.எம். நிலையம் இருக்கவில்லை. அதே நகரில் 2012 இறுதியிலிருந்து 2017 நவம்பர் வரை மாற்று றொக் இசைக்கென ஒரு வணிக நிலையம் இருக்கவில்லை. பின்னர் 92.3 இல் ஒன்று வந்தது. 2022 இல் அதுவும் செய்தி நிலையமாக மாற்றப்பட்டது. உலகத்தின் இசைத் தலைநகர்களுள் ஒன்றெனப் பேசப்படும் ஊரின் நிலை இது.

மாற்று றொக் என்ற சொல்லைக் கண்டவுடன் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டு மேல்மாடி அறையிலிருந்து கதவைப் பூட்டியபின்னும் கேட்கும் அந்த இரைச்சலைத்தான் சொல்கிறேன். அதற்கும் இந்த நாட்டில் ஒரு வரலாறு உண்டு; அது எமது வரலாற்றிலிருந்து நாம் எண்ணுமளவு தொலைவில் இல்லை.

ரொறன்ரோவின் மேற்கே பிரம்டன் நகரில், 102.1 என்ற அலைவரிசையில், 1977 இல் சீ.எப்.என்.வை. என்ற பெயர் தாங்கிய நிலையமொன்று எழுந்தது. அது இயங்கியது ஒரு சிறு வீட்டில். அதன் ஒலிபரப்பு வலுவோ ஆயிரம் வாற்றுக்கும் குறைவு. ரொறன்ரோவின் பெரிய நிலையங்கள் தொட அஞ்சிய புதிய குழுக்களின் பாடல்களை, டேவிட் மார்ஸ்டன் என்பவரின் வழிகாட்டலில், அறிவிப்பாளர்கள் தாமே தெரிந்தெடுத்துப் போட்டார்கள். நகரத்து இளைஞர்கள் அன்ரெனாவை இப்படியும் அப்படியும் திருப்பி அதைப் பிடித்தார்கள். ரஷ் என்ற கனடியக் குழு 1980 இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாடலொன்றின் தலைப்பு இந்த நிலையத்தின் சுலோகத்திலிருந்தே பிறந்தது. 1983 இல் அதன் ஒலிபரப்பு சீ.என். கோபுரத்தின் உச்சிக்கு ஏறியது.

கோபுரத்துக்கு ஏறியவன் கீழே உள்ள கூட்டத்தைப் பார்க்காமல் இருப்பானா? எண்பதுகளின் முடிவில் நிருவாகம் ஜனரஞ்சகப் பாடல்களின் பக்கம் சாய்ந்தது. நேயர்கள் கொதித்தெழுந்தார்கள். சில ஆண்டுகளுள் நிலையம் மாற்று இசைக்கே திரும்பி, ‘தி எட்ஜ்’ என்ற பெயரில் தொண்ணூறுகளில் கொடிகட்டிப் பறந்தது. பிற்காலத்தில் அதன் நிகழ்ச்சிகளும் இறுகிவிட்டன என்று பழைய நேயர் குறைகூறினர். றயர்சன் வளாகத்து மாணவர் வானொலி தன் உரிமத்தை 2011 இல் இழந்தபோது வெற்றிடமான 88.1 அலைவரிசைக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் போட்டியிட்டனர். சுயாதீனக் குழுக்களின் இசையை முன்வைத்தவர்களுக்கே அது கிடைத்தது. அந்த நிலையம் 2013 இல் ஒலிக்கத் தொடங்கிற்று. ஓரத்தில் பிறந்த நிலையம் நடுவுக்கு வருவதும், ஓரம் மறுபடி வெறுமையாவதும், அங்கே இன்னொருவர் வந்து குந்துவதும் வானொலியில் வழமை.

இதையெல்லாம் வாசிக்கையில் முதியவர்களுக்கு வேறொரு நிலையம் நினைவுக்கு வந்திருக்கும். ஆம், இலங்கை வானொலிதான். 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், சாஸ்திரிய இசையே மக்களுக்கு உகந்ததெனக் கருதித் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கினார். மாநகரொன்றல்ல, ஒரு துணைக்கண்டமே வெற்றிடமாயிற்று. கொழும்பிலோ, உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட வலுமிக்க சிற்றலைக் கருவிகள் இருந்தன; வர்த்தக சேவையும் தொடங்கியிருந்தது. மதராஸிலும் மதுரையிலும் தேநீர்க் கடைகளில் ஒலித்தது எமது தீவின் தமிழ். மயில்வாகனன் தொடங்கி கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் வரை, கடல்கடந்த தமிழ்நாட்டு மக்கள் தம் வீட்டுப் பிள்ளைகள்போல் அறிந்திருந்த குரல்கள் அவை. 1957 ஒக்ரோபரில் இந்தியா விவித் பாரதி சேவையைத் தொடங்கவேண்டி வந்ததற்குக் கொழும்பின் வெற்றியும் ஒரு காரணம். கேஸ்கரின் இசையறிவில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மக்களுக்கு எது நல்லது என்று தீர்மானித்தவர், மக்கள் கையில் முள் ஒன்று இருப்பதை மறந்துவிட்டார்.

பின்னர் நாம் இங்கு வந்தோம். வந்த புதிதில், சொந்த மொழி வானொலியில் கேட்கவேண்டுமானால் வாரத்தில் சில மணித்தியாலங்களுக்குக் காத்திருக்க வேண்டும். பல இனத்தவருக்கும் நேரம் பகிர்ந்தளிக்கும் முறைக்கு இந்நகரில் வழிகாட்டியது, இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த ஜோனி லொம்பார்டி 1966 இல் தொடங்கிய சின் வானொலி. ஆனால் ஒரு சமூகத்துக்கு இருபத்துநான்கு மணிநேரமும் ஓர் அலைவரிசை என்பது அன்று எட்டாக்கனி. எம்மவர் கண்டுபிடித்த வழி துணை அலை. எப்.எம். நிலையமொன்று தன் அலையோடு, சாதாரண வானொலிக்குப் புலப்படாத இன்னொரு ஒலிபரப்பையும் மறைவாகச் சுமந்து செல்ல முடியும். அதைப் பிரித்தெடுக்கத் தனியான பெட்டி வேண்டும். அப்பெட்டிகளை வாங்கி யன்னலோரத்தில் வைத்து, சீ.ரி.பி.சி., சீ.ரி.ஆர்., கீதவாணி எனக் கேட்டோம். மரண அறிவித்தலும் ஊர்ச் செய்தியும் அதன் வழியே வந்தன. ஊரில் எறிகணை வீழ்ந்த நாட்களில் அந்தப் பெட்டியைச் சுற்றி ஒரு குடும்பமே மூச்சடக்கி இருந்ததை எவர் மறப்பர்? தேடிப்பிடித்துக் கேட்டல் என்றால் என்னவென்று எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2004 இல் 101.3 எப்.எம். இல் சீ.எம்.ஆர். ஒலிக்கத் தொடங்கியபோது, தமிழ் முதன்முறையாகச் சாதாரணக் கார் வானொலியில் நாள்தோறும் நெடுநேரம் கேட்கலாயிற்று. அது தமிழுக்கு மட்டும் உரிய நிலையமன்று. பல்லின நிலையங்கள் நிகழ்ச்சிகளில் அறுபது வீதத்தைப் பல்லின மக்களுக்கும், ஐம்பது வீதத்தை ஆங்கிலமும் பிரெஞ்சும் சுதேச மொழிகளும் அல்லாத மொழிகளுக்கும் ஒதுக்க வேண்டுமென 1999 இல் வகுக்கப்பட்ட கொள்கையின் கீழ், பல சமூகங்களோடு பகிர்ந்து பெற்ற இடம் அது.

இப்போது கொஞ்சம் கசப்பானதைச் சொல்லியாக வேண்டும். வெற்றிடத்திலிருந்து வந்த நாம் எமக்குள்ளேயே வெற்றிடங்களை வளர்த்திருக்கிறோம். எமது தமிழ் ஒலிபரப்புகளை ஒரு மாலைப் பொழுது முழுவதும் மாற்றிமாற்றிக் கேட்டுப் பாருங்கள். புதிய திரைப்பாடல், நகைக்கடை, வீடு விற்பனை, பிறந்தநாள் வாழ்த்து, மறுபடி புதிய திரைப்பாடல். விளம்பரமின்றி நிலையம் நடக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பலர் தம் சொந்தப் பணத்தையும் உறக்கத்தையும் இழந்தே இவற்றை நடத்தினார்கள். ஆயினும் மேலே சொன்ன நாற்பதும் எட்டும் என்ற கணக்கு இங்கும் வேலை செய்கிறது. தவிலும் நாதஸ்வரமும் கேட்க விரும்பும் எழுபது வயதுத் தாய் அந்த எட்டுப் பேருள் ஒருவர். வானொலி நாடகத்தைக் கேட்டு வளர்ந்தவர் இன்னொருவர். சென்ற ஆண்டு அகதியாக வந்து, இந்த நாட்டுச் சட்டத்தைத் தமிழில் பொறுமையாகச் சொல்வார் எவருமுண்டா என்று தேடுபவர் மற்றொருவர். தமிழ் விளங்கும், ஆனால் நாங்கள் கேட்பது பிடிக்காது என்னும் இளையவரும் அவர்களோடு நிற்கிறார்.

அந்த இளையவரைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். மேல்மாடி அறையில் கிற்றார் வைத்திருக்கும் பிள்ளை தமிழை வெறுத்து அங்கே போகவில்லை. தான் தேடிய ஒலி தமிழ் அலைவரிசையில் இல்லாததால் வேறிடம் போயிற்று. இந்நகரத் தமிழ்ப் பிள்ளைகளுள் தாமே எழுதி, தாமே மெட்டமைத்துப் பாடுவோர் இருக்கிறார்கள். அவர்களுடைய பாடலை எமது ஒலிபரப்பில் எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள்? கைத்தொலைபேசியில் இன்று உலகத்து நிலையங்கள் யாவும் உண்டே என்பர் சிலர். உண்மைதான். ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் காதுக்குள் தனித்தனியே கேட்பது வேறு. ஒரு சமையலறையில் பாட்டியும் பேரனும் ஒரே குரலைக் கேட்டு, அவர் சலிக்க இவன் சிரிப்பது வேறு.

எமது ஒலிபரப்பாளர்களிடம் நான் கேட்பது பெரிதன்று. வாரத்தில் ஒரு மணித்தியாலம் இந்நகரத்து இளையோரின் சொந்த இசைக்கு, அவர்களே அறிவிப்பாளராக, தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தாலும் முகஞ்சுளிக்காமல். இன்னொரு மணித்தியாலம் முதியோருக்கு. விளம்பரம் மலிவாகக் கிடைக்கும் நேரமாக இருந்தாலும் சரி, நள்ளிரவாக மட்டும் இருத்தலாகாது.

நேயராகிய எமக்கும் ஒரு வேலையுண்டு. கனடாவில் வானொலிகளை ஒழுங்குபடுத்தும் சீ.ஆர்.ரி.சி. ஆணையம், புதிய அலைவரிசையை வழங்கும்போதும் உரிம நிபந்தனைகளை மாற்றக் கருதும்போதும் பொதுமக்களின் கருத்தைக் கோருகிறது. சட்டத்தரணி வேண்டியதில்லை, கட்டணமுமில்லை. என்ன கேட்கிறோம், எது இல்லை என்பதை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சாதாரண வசனங்களில் எழுதினால் போதும். அக்கடிதம் பொதுப் பதிவேட்டில் சேர்க்கப்படும். ஆங்கிலம் எழுதத் தயங்குவோர், மேல்மாடிக் கதவைத் தட்டி அந்தப் பிள்ளையையே எழுதச் சொல்லலாம்.