உதட்டுக் கொப்புளம்: களிம்பை எப்போது பூசுவது?

காலையில் கண்ணாடி பார்க்கிறோம். உதட்டு ஓரத்தில் சின்னஞ்சிறு கொப்புளங்கள்! கொத்தாக நாலைந்து. தொட்டால் எரிகிறது.

"உடம்புச் சூடு. வெண்ணெய் தடவு" என்பார் பாட்டி. "ராத்திரி ஏதோ பூச்சி ஊர்ந்திருக்கிறது" என்பார் அம்மா.

இரண்டும் அல்ல. இது ஹெர்ப்பீஸ் என்ற வைரஸ் கிருமியின் வேலை. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேரின் உடம்பில் இந்தக் கிருமி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டு இருக்கிறது. ஆகவே, வெட்கப்பட ஒன்றும் இல்லை. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படவும் வேண்டாம். பெரும்பாலோருக்கு இது சிறு வயதிலேயே வந்து விடுகிறது. யாரோ ஒரு பெரியவர் ஆசையாகக் கொடுத்த முத்தத்தில்!

தூங்கும் கிருமி

ஒரு முறை வந்த கிருமி, உடம்பை விட்டுப் போவதில்லை. முகத்து நரம்பின் வேரில் ஒளிந்து தூங்கும். காய்ச்சல் வந்தால் விழிக்கும். கவலை, களைப்பு, மாதவிலக்கு, கடும் வெயில் இவையும் அதை எழுப்பும். (பாட்டி சொன்ன 'சூடு' முழுவதும் தப்பு அல்ல!) விழித்த கிருமி, நரம்பு வழியாக உதட்டுக்கு வந்து பெருகும்.

இதற்கு 'அசைக்ளோவிர்' என்ற களிம்பு இருக்கிறது. இந்த மருந்தை உருவாக்கியதில் பெரும் பங்கு கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு உண்டு. 1988-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

மருந்து எப்படி வேலை செய்கிறது? வீடு கட்டுகிறவனிடம் போலிச் செங்கலைக் கொடுத்தால் என்ன ஆகும்? சுவர் பாதியில் நின்று விடும். அதுபோல, கிருமி பெருகும்போது இந்த மருந்து போலிச் செங்கலாகப் போய் நுழைகிறது. பெருக்கம் நின்று விடுகிறது.

நேரம் தவறினால்...

பெருகும்போதுதான் மருந்துக்கு வேலை. பெருகி முடித்த பிறகு பூசி என்ன பயன்?

நானே பல தடவை ஏமாந்திருக்கிறேன். பொருக்குக் கட்டிய பிறகு கடைக்கு ஓடுவேன். குணம் தெரியாது. மருந்தைத் திட்டுவேன். தப்பு என்னுடையது! கொப்புளம் வருவதற்கு முன்பே, அந்த இடத்தில் குறுகுறுப்பும் எரிச்சலும் தோன்றும். அப்போதே பூச வேண்டும். நாலு மணிக்கு ஒரு தடவையாக, நாள் ஒன்றுக்கு 5 தடவை. நாலைந்து நாள். அப்படிப் பூசினாலும் புண் அரை நாளோ ஒரு நாளோதான் முந்தி ஆறும். அற்புதத்தை எதிர்பார்க்காதீர்கள். பூசாவிட்டாலும் பத்து நாளில் பெரும்பாலும் ஆறி விடும்.

ஒரு முறை கடைக்காரர் வேறு ஒரு களிம்பைக் கொடுத்தார். சிவப்பு குறைந்தது. கொப்புளமோ பரவியது! டாக்டரிடம் காட்டினேன். அது ஸ்டீராய்டு களிம்பு! உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அந்த இடத்தில் குறைத்து, கிருமிக்கு வழி விடும் சாமான். டாக்டரைக் கேட்காமல் களிம்பு வாங்கக் கூடாது என்று அன்று தெரிந்து கொண்டேன்.

பூசிய கையைக் கழுவுங்கள். அந்தக் கை கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண் சிவந்து வலித்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

பச்சைக் குழந்தை

என் கவலை எல்லாம் களிம்பைப் பற்றி அல்ல, குழந்தையைப் பற்றித்தான். நமக்கு வெறும் கொப்புளம். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கோ, அதே கிருமி மூளை வரை போய் உயிரையே பறிக்கக் கூடும். களிம்பு பூசியிருக்கிறோமே என்று முத்தம் கொடுக்கக் கூடாது. களிம்பு கிருமியைப் பூட்டி வைக்காது.

எங்கள் வீட்டில் தொட்டில் போட்ட அன்று அத்தை வந்தார். உதட்டில் கொப்புளம். குழந்தையை வாரி எடுக்கப் போனார். "பொருக்கு உதிரட்டும் அத்தை" என்றேன். அத்தைக்கு முகம் சுண்டி விட்டது. சாப்பிடாமலே போய் விட்டார். வீட்டில் எனக்குத்தான் திட்டு.

இரண்டு வாரம் கழித்து அவராகவே வந்தார். கொல்லைப்புறம் போய், சோப்புப் போட்டுக் கை கழுவினார். "இப்போது கொடுடா பிள்ளையை" என்று மடியை விரித்தார்.