புற்றுநோய் வலியைத் தணிக்கும் பயிற்சி ஒவ்வொரு செவிலியருக்கும் கட்டாயமாக வேண்டும்: எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அன்றிலிருந்து, பிற மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் இந்த நோய்க்கு மருத்துவம் தேடி வரும் இடமாகத் தென் சென்னை இருந்துவருகிறது. அறுவை சிகிச்சையிலும் கதிர்வீச்சிலும் மருந்துகளிலும் இந்த எழுபது ஆண்டுகளில் நெடுந்தூரம் வந்திருக்கிறோம். நோயாளியின் வலியைத் தணிப்பதில் அந்த வேகம் இல்லை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு நள்ளிரவில் வலி கூடினால், குடும்பத்தார் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பக்கத்துத் தெரு நர்ஸிங் ஹோமுக்குத்தான். அது மயிலாப்பூரிலோ தி.நகரிலோ இருக்கலாம், அங்கே முதலில் எதிர்ப்படுபவர் இரவு டியூட்டி செவிலியர். ஆகவே, புற்றுநோய் மருத்துவமனையின் செவிலியர் மட்டுமின்றி, புற்றுநோயாளியைக் கவனிக்க நேரும் எல்லாச் செவிலியரும் வலியை மதிப்பிடவும் தணிக்கவும் கட்டாயப் பயிற்சி பெற வேண்டும் என்பதும், கற்றதைச் செயல்படுத்தும் அதிகாரத்தை மருத்துவமனை அவர்களுக்குத் தர வேண்டும் என்பதும் எங்கள் நிலைப்பாடு.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கணக்கின்படி, சிகிச்சை பெற்றுக்கொண்டிருக்கும் புற்றுநோயாளிகளில் 55 விழுக்காட்டினருக்கும், நோய் முற்றியவர்களில் 66 விழுக்காட்டினருக்கும் வலி இருக்கிறது. இந்த வலியில் பெரும்பகுதியைத் தணிக்கும் வழியை உலகச் சுகாதார நிறுவனம் 1986லேயே வகுத்துத் தந்தது: இயன்றவரை வாய்வழியாக, மணி தவறாமல், வலியின் கடுமைக்கேற்ற மருந்து. கடும் வலிக்கான மருந்தான மார்ஃபின் எடுக்கப்படும் கசகசாச் செடி மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்துடன் விளைகிறது. அப்படியிருந்தும், இந்தியாவின் மார்ஃபின் வகை மருந்துத் தேவையில் ஏறத்தாழ 4 விழுக்காடே நோயாளிகளைச் சென்றடைகிறது என்று லான்செட் ஆணையம் 2017இல் கணக்கிட்டது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இதற்குப் பெரும் காரணமாக இருந்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் மார்ஃபின் போன்ற இன்றியமையாத மருந்துகளுக்கான உரிம நடைமுறையை எளிதாக்கியது. சட்டம் இளகிய பிறகும் மாத்திரை நோயாளியின் கைக்கு வரவில்லை என்றால், அறியாமையையும் அச்சத்தையும்தான் அடுத்து எதிர்கொள்ள வேண்டும்.

அந்த வேலை செவிலியரிடம் தொடங்க வேண்டும் என்பதற்குக் காரணம் வார்டின் அன்றாடத்திலேயே இருக்கிறது. ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் நோயாளியுடன் சில நிமிடங்களே இருக்கிறார். அவர் எழுதும் மருந்து வேலை செய்வதும் செய்யாமல் போவதும் மற்ற நேரமெல்லாம் அருகிலிருக்கும் செவிலியரைப் பொறுத்தது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் சுமார் நான்கு மணி நேரம் நிற்கும். அதனால் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 என்று கொடுத்து, தூக்கம் கலையாதிருக்க இரவு 10 மணிக்கு இரட்டிப்பு அளவு தருவது வழக்கம். ‘இப்போது வலி இல்லையே’ என்று 2 மணி மாத்திரையைத் தள்ளிப்போட்டால், நான்கு மணிக்குத் திரும்பும் வலியை அடக்குவது கடினம். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துத் தர வேண்டும்; குமட்டல் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது, அதற்கு அஞ்சியே பலர் மார்ஃபினை நிறுத்திவிடுவார்கள். வலியின் வகையும் கேட்டால்தான் தெரியும். ‘எரியுது, கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்ங்குது’ என்பவருக்கு நரம்பு வலி இருக்கலாம். அவருக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை தேவைப்படலாம். அசைந்தாலே உயிர்போகும் எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு உதவும். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் நம் நோயாளி ‘பரவாயில்லை சிஸ்டர்’ என்றுதான் சொல்வார். ராத்திரி தூங்கினீர்களா, புரண்டு படுக்க முடிகிறதா என்று கேட்டு, பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவில் வலியைக் கேஸ் ஷீட்டில் குறிப்பது பழக்கத்தால் வரும் திறமை. அதைக் கற்றுத்தர வேண்டும்.

மார்ஃபின் பழக்கமாகிவிடும், மூச்சை நிறுத்திவிடும் என்ற அச்சம் இதற்கு முதல் தடை. அதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. தவறான அளவில் இந்த மருந்து ஆபத்தானதுதான், சிறுநீரகம் பழுதானவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். ஆனால் நாள்பட எடுப்பவரின் உடல் அந்த மருந்துக்குப் பழகுவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. புற்றுநோய் வலிக்காக முறையாகப் பெறுபவர்களிடம் பின்னது அரிது. சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும்போது மூச்சு தளர்வதும் அரிது. அதற்கு முன்பே மிகுந்த மயக்கம் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை உடனே அறியக்கூடியவர் பயிற்சி பெற்ற செவிலியர். ஆபத்து உண்டு என்பதே பயிற்சி வேண்டும் என்பதற்கான வாதம்.

மருந்து எழுதுவது மருத்துவரின் உரிமை, செவிலியர் கற்று என்ன பயன் என்பது இரண்டாவது கேள்வி. உகாண்டாவில் சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் வாய்வழி மார்ஃபினைத் தாங்களே எழுத 2004 முதல் சட்டம் இடம் தருகிறது. நாங்கள் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. இடையில் வலி பீறிட்டால் தர வேண்டிய கூடுதல் அளவை மருத்துவர் முன்கூட்டியே எழுதிவைக்கட்டும். செவிலியர் தம் மதிப்பீட்டின்படி அதைத் தரட்டும். செவிலியரை நம்பி இதை ஒப்படைக்கலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு: கேரளத்தில் வீடுதேடிச் செல்லும் தணிப்புச் சிகிச்சை பெரிதும் செவிலியர்களின் தோளில்தான் நடக்கிறது.

ஆள் பற்றாக்குறையில் பயிற்சிக்கு நேரமேது என்பாரும், ஒருநாள் கருத்தரங்கால் ஒன்றும் மாறாது என்பாரும் உண்டு. பற்றாக்குறை உண்மை, அதைத் தீர்க்கும் பொறுப்பு நிர்வாகங்களுடையது. ஆனால் அடங்காத வலி திரும்பத் திரும்ப மணியடிக்கவைத்து, அதே செவிலியரின் நேரத்தைத்தான் தின்கிறது. வகுப்பறைப் பாடம் அறிவைக் கூட்டும், நோயாளியின் வலியைத் தானாகக் குறைத்துவிடாது என்பதையும் ஏற்கிறோம். அதனால்தான் பயிற்சியோடு கேஸ் ஷீட்டில் வலிக்கான இடம், வார்டில் மருந்து இருப்பு, கூடுதல் அளவு தரும் அதிகாரம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்கிறோம்.

மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம், தொடர்கல்வியில் புற்றுநோய் வலிக்கென நேரம் ஒதுக்கிக் கட்டாயமாக்க வேண்டும். கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், மாணவர்கள் நோயாளியின் அருகிலிருந்து வலியை மதிப்பிட்டுக் காட்டுவதைச் செய்முறைத் தேர்வில் சேர்க்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு செல்லும் தணிப்புச் சிகிச்சைச் செவிலியர்கள், புற்றுநோய் மருத்துவமனைகளில் தங்கிப் பயிலவும், மார்ஃபின் வைத்திருக்கும் மையத்தோடு இணைந்து பணியாற்றவும் அரசு வழி செய்ய வேண்டும். தனியார் மருத்துவமனைகள் அரசாணைக்குக் காத்திராமல், காய்ச்சலையும் ரத்த அழுத்தத்தையும் குறிப்பதுபோல வலியையும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் குறிக்கும் நடைமுறையை இப்போதே தொடங்கலாம். குணமாக்க முடியாத நோய்கள் இருக்கின்றன. தணிக்கக்கூடிய வலியைத் தணிக்காமல் விடுவதற்கு மருத்துவத்தில் எந்த நியாயமும் இல்லை.